வெள்ளிக்கிழமை முகம் வழிக்கப்போகும் மகனுக்கு

மகன்,

பார்சலைப் பிரித்ததும் இந்தக் கடிதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பாய். பார். ஒரு பிரஷ், வட்டச் சவர்க்காரம் ஒன்று, தலையைக் கழற்றிப் பூட்டுகிற இரும்பு ரேசர், பிளேட் இரண்டு பெட்டி, ஒரு துண்டு படிகாரம், கைப்பிடி உடைந்த நம் வீட்டுப் பீங்கான் கோப்பை. எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டு வந்து இதை வாசி. பாதியில் நிறுத்தாதே. ரேசரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் ரேசரைப் பற்றி மட்டும் எழுத என்னால் முடியவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்பே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று இதற்குள் இருக்கிறது. நீ அதை வியாழக்கிழமைக்குள் வாசித்தாக வேண்டும். அதற்காகத்தான் தபாலில் போடாமல் சித்தப்பாவின் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்தபோது நான் பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஹோட்டலில் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது, மேசையில் பரிமாறப் பழக்குகிறார்கள், எல்ல டவுனில் மழை விடவே இல்லை என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் குரலை இறக்கினாய்.

“அம்மா, இந்த வெள்ளிக்கெழமையும் தாடியோட வந்து நின்னா, பேக்கத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிடுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரும்மா. ரெண்டு தடவ எழுதி வச்சிட்டாரு.”

“அதென்ன வெள்ளிக்கெழமை மட்டும்?”

“மத்த நாள்ல சேவ் எடுத்துட்டுத்தானே போறேன். செவ்வாய்க்கெழமை எனக்கு லீவு. வெள்ளிக்கெழமைதான் மாட்டிக்கிறேன். வியாழன் ராத்திரி ஒட்ட வழிச்சிட்டுப் படுத்தாலும் விடியக்காலைல கறுப்பா வந்து நிக்குது.”

“அப்ப வெள்ளிக்கெழமை காலைலயே எடுக்க வேண்டியதுதானே தம்பி?”

அந்த நேரத்தில் போனில் ஒரு சத்தம் கேட்டது. முகவாயைப் புறங்கையால் தேய்க்கிற சத்தம். சர, சர என்று. கையிலிருந்த பேனாவைக் கொப்பி மேல் வைத்தேன்.

“நீங்களாம்மா இப்பிடிச் சொல்றீங்க?” என்றாய். “அப்பா அவ்வளவு கேட்டும் நீங்க வெள்ளிக்கெழமை கத்தி எடுக்கலையே. அப்பாவுக்கே எடுக்காதத, ஒரு வேலைக்காக நான் எப்பிடிம்மா எடுப்பேன்?”

அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு வீட்டில் பாலே இல்லை. அதன் பிறகு மூன்று தடவை உன் நம்பரை எடுத்தேன். மூன்று தடவையும் மணி அடிப்பதற்கு முன்பே வெட்டிவிட்டேன். வாயால் சொல்ல வராது என்று தெரிந்தபிறகுதான் இந்தத் தாளை எடுத்தேன்.

அன்று மாலை உன் கழுத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாயே, “இதுக்கு என்னம்மா பூசுறது” என்று கேட்டு. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம். அதில் நான்கைந்தின் உச்சியில் காய்ந்த இரத்தம். உனக்கு எழுந்திருப்பது சொறி இல்லை, அழுக்கும் இல்லை. சுருட்டை முடிக்காரர்களுக்கு வருவது அது. ஒட்ட வெட்டிய முடி நேராக வெளியே வராமல் வளைந்து தோலுக்குள்ளேயே போய்விடுகிறது. நான் அதிகம் பார்த்தது கொப்புளங்களை அல்ல. உன் இடது தாடைக்குக் கீழே முடி மேல்நோக்கி வளர்கிறது. வலது பக்கம் கீழ்நோக்கி வளர்கிறது. குரல்வளைக்குப் பக்கத்தில் இரண்டும் சேர்ந்து ஒரு சுழி. அந்தச் சுழியை எனக்குத் தெரியும் மகன். கண்ணை மூடிக்கொண்டு விரல் வைக்கச் சொன்னாலும் சரியாக வைப்பேன். இரண்டு வருஷம் நான் வழித்த கழுத்து அது. உன் போனில் உன் அப்பாவின் கழுத்து எனக்கு வந்து சேர்ந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பதுளைக்கு பஸ் ஏறினேன். மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் நாம் எப்போதும் போகிற கடைதான். முதலாளி என்னைக் கண்டதும், “வாங்க டீச்சர், என்ன வேணும்?” என்றார்.

“சேவ் எடுக்கிற சாமான்.”

“சாருக்கா?” என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நானே, “மகனுக்கு” என்றேன்.

“அட, அந்தப் பொடியனுக்குத் தாடி வந்துடுச்சா! இங்கன நின்னுதானே டொபி முட்டாயி கேட்டு உருண்டு பொரண்டு அழுதான்!” என்று சொல்லிக்கொண்டே பளபளக்கிற ஒரு ரேசரை எடுத்து வைத்தார். “இதுதான் இப்ப ஓடுது டீச்சர். அஞ்சு பிளேட். ஒரே இழுப்பு, கன்னம் கண்ணாடி.”

“எந்தப் பக்கம் இழுத்தாலுமா?”

“அதென்ன கேள்வி? மொகம் என்ன ரோட்டா, ஒருவழிப் பாதை போட?”

“கழுத்துல ஒருவழிதான் முதலாளி.”

அவர் சிரித்தார். “நாப்பது வருஷமா விக்கிறேன், இப்பிடி ஒருத்தரும் கேட்டதில்ல. பொம்பள நீங்க, யாருகிட்டப் படிச்சீங்க?”

பின்னால் நின்ற இரண்டு ஆண்கள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்க்கட்டும் என்று ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தேன்.

ஐந்து பிளேட் ரேசர் உனக்கு வேண்டாம். இப்போது நீ வைத்திருப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன். முதல் பிளேட் முடியை இழுத்துப் பிடிக்கும், பின்னால் வருகிறவை தோலுக்குக் கீழே வரை வெட்டும். நேர் முடிக்காரனுக்கு அது சுகம். உனக்கு அதுதான் கொப்புளம். பஸ் ஸ்டாண்டில் விற்கிற, ஒரு தடவை போட்டுவிட்டு எறிகிற பிளாஸ்டிக் ரேசரும் வேண்டாம். அதற்குப் பாரம் இல்லாததால் கை தானாக அழுத்தும், அழுத்தினால் கிழிக்கும். நான் அனுப்புவது ஒரு பிளேட் போடுவது. தலை கனமாக இருக்கும். அந்தக் கனமே போதும், நீ அழுத்தத் தேவையில்லை. பிடியின் நுனியை இரண்டு விரலாலும் பெருவிரலாலும் பிடித்துக்கொண்டு, முகத்தில் வைத்து, கீழே இறங்க விடு. ஒரு பிளேட்டை நாலு அல்லது ஐந்து தடவைக்கு மேல் போடாதே. முடியைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தால் அதற்கு முன்பே மாற்று. மிச்சம் பிடிப்பதற்கு உனக்கு வேறு இடங்கள் இருக்கின்றன.

பிரஷ்ஷில் பன்றி முடியில் செய்ததும் இருந்தது, நைலோன் மாதிரியான செயற்கை முடியில் செய்ததும் இருந்தது. அப்பாவுடையது பன்றி முடி. தண்ணீரில் ஊற வைத்தால்தான் இளகும், காயவும் நேரம் எடுக்கும். நம் வீட்டில் ஜன்னலுக்கு மேலே ஆணியில் தலைகீழாகத் தொங்கும், ஞாபகம் இருக்கிறதா? உன் ஹோட்டல் விடுதியில் போர்வையே காய்வதில்லை என்றாய். அந்த ஈரத்தில் பன்றி முடி நாறிப்போகும். அதனால் செயற்கை முடியைத்தான் எடுத்தேன். உதறித் தொங்கவிட்டால் காய்ந்துவிடும்.

சவர்க்காரத்துக்குத்தான் அதிக நேரம் நின்றேன். குளிக்கிற சவர்க்காரத்தைத்தான் நீ கன்னத்தில் பூசுகிறாய் என்று எனக்குத் தெரியும். அது தோலைக் காய வைத்துவிடும், நுரையும் நிற்காது, ரேசர் வெறுந்தோலில் ஓடும். டின்னில் ஊதுகிற நுரை பார்க்கப் பெரிதாக இருக்கிறது, உள்ளே காற்றுதான். குளிர்ச்சி என்று எழுதியிருப்பதெல்லாம் உன் கொப்புளத்தில் பட்டால் எரியும். வட்டச் சவர்க்காரத்தில் சந்தன மணத்தது ஒன்றும், மணமே இல்லாதது ஒன்றும் இருந்தன. சந்தனத்தை மூக்கருகே கொண்டுபோனேன். உடனே கீழே வைத்துவிட்டேன். “மணம் இல்லாததுதான் தோலுக்கு நல்லது” என்று முதலாளியிடம் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் நான் கீழே வைத்தது அதற்காக இல்லை. அப்பா போட்டதும் சந்தனம். கடைசியில் அவரைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தபோது அவர் மேலே தெளித்திருந்ததும் சந்தனம்.

உன் அப்பா எப்படி முகம் வழிப்பார் என்று உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியவில்லை. தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டுகிற ஆளுக்கு எதற்கு இவ்வளவு அலங்காரம் என்று நம் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் கேலி செய்வார்கள். விடிய ஐந்து மணிக்குக் கேத்தலில் தண்ணீர் கொதிக்கும். கண்ணாடியை ஜன்னல் கம்பியில் செருகுவார். கோப்பையில் பிரஷ்ஷைச் சுழற்றிச் சுழற்றி, தயிர் மாதிரி ஆகும் வரை அடிப்பார். மலைத் தண்ணீருக்கு நுரை நன்றாக வரும் என்பதில் அவருக்குப் பெரிய பெருமை. கொழும்பில் ஒரு தடவை லொட்ஜில் தங்கியபோது நுரை வரவில்லையாம், அதை வருஷக் கணக்காகச் சொல்லுவார். மீசைக்குக் கிட்ட மட்டும் ரேசர் போகாது. சின்னக் கத்தரிக்கோலால் நுனியைச் சரிசெய்து, சீப்பால் கீழ்நோக்கி வாரிவிடுவார். நீ ஐந்து வயதில் அந்த நுரையை எடுத்து மேல் உதட்டில் பூசிக்கொண்டு வெள்ளை மீசையோடு பள்ளிக்கூடம் போவேன் என்று அடம்பிடித்தாய். அவர் உன்னை அப்படியே தூக்கிக்கொண்டு லயம் முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. ஆசிரியர் கலாசாலைக்குப் போக நேரமாகிவிட்டது என்று இரண்டு பேரையும் திட்டிக்கொண்டு நின்றேன். நான் உன்னைப் பெற்றபோது எனக்கே பத்தொன்பதுதான். நின்று பார்த்துச் சிரிக்க எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் பயந்துகொண்டே இருந்தேன்.

அவருக்குச் சிறுநீரகம் பழுதான பிறகு, செவ்வாயும் வெள்ளியும் பதுளை ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்யப் போக வேண்டியிருந்தது. கை நடுங்கத் தொடங்கியது. மெஷினில் போடும்போது இரத்தம் உறையாமலிருக்க மருந்து ஏற்றுவார்கள், அதனால் சின்னக் கீறல் பட்டாலும் இரத்தம் லேசில் நிற்காது. ஒரு நாள் அவர் முகமெல்லாம் பேப்பர்த் துண்டு ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்துத்தான் அவர் கையிலிருந்து ரேசரை நான் வாங்கினேன். முதல் நாள் அதை விரல் நுனியால் இறுக்கிப் பிடித்தேன்.

“என்ன புள்ள, சிவப்புப் பேனா மாதிரிப் பிடிச்சிருக்க? திருத்துறதுக்கு நான் என்ன பரீட்சைத் தாளா?”

“பேசாதீங்க. வெட்டிருவேன்.”

“வெட்டு. மார்க் மட்டும் கொறைச்சிடாத.”

அப்படித்தான் படித்தேன். அவர் கழுத்தில் விரல் வைத்து, எந்தப் பக்கம் வழுக்குகிறது, எந்தப் பக்கம் முள்ளாகக் குத்துகிறது என்று தடவித் தடவிப் பார்த்து, ஒரு தாளில் முகம் வரைந்து அம்புக்குறி போட்டுக்கொண்டேன். இடது தாடைக்குக் கீழே கீழிருந்து மேலே. வலது பக்கம் மேலிருந்து கீழே. சுழியில் நாலு பக்கமும் சின்னச் சின்ன இழுப்பு. ஆரம்பத்தில் ஒரே மூச்சில் ஒட்ட எடுக்க வேண்டும் என்று நினைத்துத்தான் கீறினேன். பிறகு புரிந்தது, ஒட்ட எடுக்க ஒரே வழி ஒட்ட எடுக்க அவசரப்படாமலிருப்பதுதான். முடி வளர்கிற பக்கமாகவே ஒரு சுற்று. மறுபடி நுரை. வேண்டுமென்றால் குறுக்காக இன்னொரு சுற்று. எதிர்ப்பக்கமாக ஒருநாளும் இல்லை. அந்த அம்புக்குறித் தாளைத் தேடி எடுத்துக் கோப்பைக்குள் மடித்து வைத்திருக்கிறேன். அது அவர் முகம். உனக்கும் அது அப்படியே பொருந்தும்.

எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளியில் முடி வெட்ட மாட்டார்கள், நகம் வெட்ட மாட்டார்கள், கத்தி முகத்தில் படக் கூடாது. அதனால் திங்களும் வியாழனும் அவருக்கு வழித்து விடுவேன். “என் ஆஸ்பத்திரி நாளும் உங்க சாமி நாளும் ஒண்ணாப் போச்சு” என்று சிரிப்பார். அவருக்கு நாள் கிழமையில் நம்பிக்கை கிடையாது. ஆனால் என்னை எதிர்த்துப் பேச மாட்டார்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். உனக்குப் பதின்மூன்று வயது. நீ பார்த்தது உனக்குத் தெரியும். நீ பார்க்காததைத்தான் எழுதப்போகிறேன்.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சை. வியாழக்கிழமை அவருக்கு முகம் வழிக்க எனக்கு நேரம் இல்லை. அதனால் வெள்ளிக்கிழமை விடியும்போது நாலு நாள் தாடி. உட்கார்ந்தபடியே, “இன்னைக்கு மட்டும் வழிச்சி விடு புள்ள. இந்த மூஞ்சியோட ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு மாதிரியா இருக்கு” என்றார்.

“வெள்ளிக்கெழமைங்க.”

“தெரியும். ஒரு நாளைக்குத்தானே.”

நீ அதற்குள் கேத்தலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாய். “சுடுதண்ணி கொண்டாந்துட்டேன்பா. அம்மாவுக்கு ஏலாட்டி நான் எடுத்து விடட்டா?” என்று கேட்டாய். நான் திரும்பி உன்னைப் பார்த்துக் கத்தினேன். “வெள்ளிக்கெழமை கத்திய எடுக்கக் கூடாதுன்னு தெரியாதா ஒனக்கு? குடும்பம் வெளங்குமா?” என்றேன். கேத்தலை உன் கையிலிருந்து பிடுங்கி, அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி ஊற்றினேன். அவர் அதைக் குடித்துவிட்டு, “விடுடா தம்பி. அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். சித்தப்பா த்ரீவீலர் கொண்டுவந்தார். ஏறி உட்கார்ந்து முகவாயைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டே போனார். த்ரீவீலர் சத்தத்தை மீறி அது என் காதில் விழுந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா தெரியாது. சர, சர. அதுதான் நான் அவரிடமிருந்து கேட்ட கடைசிச் சத்தம். இரத்தம் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போதே அழுத்தம் இறங்கி, பின்னேரம் மூன்று மணிக்குப் போய்விட்டார். நான் பரீட்சை மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அதன் பிறகு நடந்ததும் உனக்குத் தெரியும். பிரேதத்தைத் தயார் செய்து தருகிற மலர்ச்சாலைக்குப் போனது சித்தப்பா. “சேவ் எடுக்கணுமா?” என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். அண்ணன் எப்போதும் சுத்தமாக இருப்பாரே என்று நினைத்து, “நல்லாக் கிளீனா எடுத்துருங்க” என்றிருக்கிறார். சனிக்கிழமை பெட்டியைத் திறந்தபோது நீ என் சேலையைப் பிடித்து இழுத்தாய். “அம்மா, அப்பாவோட மீசை எங்கம்மா?” என்று கேட்டாய். பிறகு, “இது அப்பா இல்லம்மா. மாத்திக் கொண்டாந்துட்டாங்க” என்றாய். எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது, மகன். மேல் உதடு வெளுத்து, நீளமாக, எங்கேயோ பார்த்த ஒரு அந்நிய மனிதனுடையது போல இருந்தது. கன்னம் அவ்வளவு ஒட்ட வழிக்கப்பட்டிருந்தது. என் கை ஒருநாளும் அவ்வளவு ஒட்ட எடுத்ததில்லை. மறுநாள் உனக்கு மொட்டை போட உட்கார வைத்தபோது நீ இரண்டு கையாலும் உன் மேல் உதட்டைப் பொத்திக்கொண்டாய். அங்கே அப்போது ஒன்றும் முளைத்திருக்கவில்லை.

அம்மா சாமிக்குப் பயந்தவள், கொண்ட விரதத்தை அப்பாவுக்காகக்கூட விடாதவள் என்று இந்த ஏழு வருஷமும் நீ நினைத்திருக்கிறாய். போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாய், நான் உள்ளேயிருந்து கேட்டேன். வெளியே வந்து மறுக்கவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

உண்மை இதுதான். அதற்கு முந்தின மாதம் இரண்டு செவ்வாய்க்கிழமை நானே அவருக்கு முகம் வழித்து விட்டிருக்கிறேன். விடியக்காலையில் நீ எழும்புவதற்கு முன்பே, கதவைச் சாத்திக்கொண்டு. எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும்தான் அது தெரியும். அதனால் நான் “வெள்ளிக்கெழமைங்க” என்று சொன்னபோது அவர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அது பொய் என்று அவருக்குத் தெரியும். உன் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்காமல், அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று உன்னிடம் சொன்னார்.

எனக்கு அலுத்துவிட்டது, மகன். வேறு ஒன்றுமில்லை. இரண்டு வருஷமாக அந்த முகத்தை நனைத்து, நுரை பூசி, கீறிவிடுவேனோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று எனக்கு அலுத்துவிட்டது. அந்த விடியற்காலையில் அவர் கேட்டபோது, ‘இன்றைக்கு ஒரு நாள் என்னை விட மாட்டாரா’ என்றுதான் மனசுக்குள் ஓடியது. சொல்ல வெட்கப்பட்டு வெள்ளிக்கிழமையை முன்னால் நிறுத்தினேன். நீ கேத்தலோடு வந்து நின்றதும், என் பொய்யை நீ கண்டுபிடித்துவிட்ட மாதிரி இருந்தது. அதனால்தான் உன் மேல் அப்படி விழுந்தேன். கால் மணி நேர வேலை. வழித்து விட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று கேட்டால், இல்லை. ஆனால் அவர் முகத்தை மீசையோடு அவருடைய முகமாகவே அனுப்பியிருப்பேன். சேவ் எடுத்த முகத்தை மலர்ச்சாலைக்காரர்கள் தொட்டிருக்க மாட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வந்த எந்த வெள்ளிக்கிழமையும் எனக்கு அமைதியாக விடிந்ததில்லை. ஐந்து மணிக்கு முழிப்பு வந்துவிடும். ஜன்னலுக்கு மேலே வெறும் ஆணி. அதற்குக் கீழே யாரோ முகவாயைத் தேய்க்கிற மாதிரி இருக்கும். படித்தவள் நான், வெளியே பைனஸ் மரம் காற்றில் உரசுகிறது என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். காற்றில்லாத நாளிலும் அது கேட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதை உன் போனில் கேட்டபோது, இனி இதை உனக்குக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது என்று முடிவு செய்தேன். நான் சொன்ன ஒரு பொய்க்காக நீ வேலையை விட்டுவிட்டு வந்து நின்றால், அதை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வேன்?

அப்பாவின் சாமான்களை அலுமாரிக்கு மேலே அவருடைய பெனியனில் சுற்றி வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை பின்னேரம் இறக்கிப் பார்த்தேன். பிரஷ்ஷில் முடி கொட்டியிருக்கிறது. ரேசரைக் கழற்றினேன். பிளேட்டுக்கு அடியில் காய்ந்த சவர்க்காரம், அதில் பொடிப்பொடியாகக் கறுப்பும் வெள்ளையும் கலந்த முடி. அந்த வாரத்துத் திங்கட்கிழமை நான் எடுத்தது. அதைக் கழுவ எனக்கு மனம் வரவில்லை. உனக்கு அனுப்பவும் மனம் வரவில்லை. அது இங்கேயே இருக்கட்டும், அது என் பங்கு. உன் முகத்துக்குப் புது ரேசர்தான் சரி. கோப்பை மட்டும் அவருடையது, வெந்நீரில் இரண்டு தடவை அலசினேன்.

சித்தப்பா பார்சலை வாங்க வந்தபோது பெட்டியைத் திறந்து பார்த்தார். “மீசைன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் மதினி. அவங்களும் கேக்கல, நானும் சொல்லல” என்றார். ஏழு வருஷமாக அவரும் அதைத்தான் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. “நான் காலைலயே வழிச்சி விட்டிருந்தா ஒங்ககிட்டக் கேட்டே இருக்க மாட்டாங்க தம்பி” என்றேன். இந்தக் கடிதத்தில் இருப்பதை முதலில் கேட்டவர் அவர்தான். பார்சலை மடியில் வைத்துக் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினார். இந்தக் கடிதத்தை முடித்து அந்தக் கயிற்றுக்குள் செருகும் வரை காத்திருக்கிறார்.

கொப்புளம் இருக்கிற இடத்தை வியாழக்கிழமை தொடாதே, ஆறட்டும். உள்ளே போன முடியை ஊசியால் நோண்டாதே. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு எழும்பு. குசினியில் கேட்டு ஒரு போத்தல் சுடுதண்ணீர் வாங்கு, வெட்கப்படாதே. துண்டை அதில் நனைத்துப் பிழிந்து இரண்டு நிமிஷம் முகத்தில் வைத்துக்கொள். பிரஷ்ஷை நனைத்து உதறிவிட்டுச் சவர்க்காரத்தில் சுழற்று, பிறகு கோப்பையில் அடி, தயிர் மாதிரி ஆகட்டும். இடது கையால் தோலை மெல்ல இழுத்துப் பிடி. தாளில் இருக்கிற அம்புக்குறிப்படி போ. சுழிக்கு வரும்போது அவசரப்படாதே. அந்த இடத்தில் முள் கொஞ்சம் மிஞ்சினால் மிஞ்சட்டும், சூப்பர்வைசர் கழுத்தில் விரல் வைத்துப் பார்க்கப்போவதில்லை. முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் கழுவி, படிகாரத்தை நனைத்து ஒரு தடவு தடவு. எங்கே எரிகிறதோ அங்கே அழுத்தியிருக்கிறாய் என்று அர்த்தம், அடுத்த தடவைக்கு ஞாபகம் வைத்துக்கொள். மீசையைத் தொடாதே. ஹோட்டலில் ஒழுங்காக வெட்டிய மீசை இருக்கலாம் என்று நீதானே சொன்னாய். என்றைக்காவது சலூனில் போய் உட்கார்ந்தாலும், கத்தி முகத்துக்குக் கிட்ட வருவதற்கு முன்பே வாயைத் திறந்து, ‘மீசை இருக்கட்டும்’ என்று சொல்.

இதை வாசித்த பிறகு கொஞ்ச நாள் எனக்குப் போன் எடுக்க உனக்கு மனம் வராமல் போகலாம். எடுக்காவிட்டால் பரவாயில்லை, நான் காத்திருப்பேன். ஆனால் அதற்காக வெள்ளிக்கிழமையை விட்டுவிடாதே. ஐந்து மணிக்கு நானும் இங்கே எழும்பி கேத்தலை அடுப்பில் வைப்பேன். அன்றைக்கு நீ அப்பாவுக்காகக் கொண்டுவந்த சுடுதண்ணீரை நான் தேத்தண்ணியாக்கிவிட்டேன். இந்தத் தடவை அது முகத்துக்குப் போய்ச் சேரட்டும்.

அம்மா